பாட்டும் பகிடியுமாய் ஒரு நாடகம் திருகோணமலைக்கு வருகுது: கடைசிக் கதிரை வரைக்கும் சொல் கேட்க என்ன செய்யலாம்?

உவர்மலை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியை. மட்டக்களப்பில் இருந்து ஒரு குழு பாட்டும் பகிடியுமாக ஒரு நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு போகுது. கல்முனையிலும் வாழைச்சேனையிலும் போட்டு முடித்துவிட்டார்கள். அடுத்ததாகத் திருகோணமலைக்கு வரச் சம்மதித்திருக்கிறார்கள். இஞ்ச மேடையேற்றுகிற பொறுப்பு எங்கள் சின்னக் குழுவுக்கு. அதில் மண்டபமும் ஒலியும் என் பங்கு.

கதை ஒரு கல்யாணத் தரகரைப் பற்றியது. ஒரே மாப்பிள்ளையின் குறிப்பை மூன்று வீட்டுக்குக் கொடுத்து, மூன்று வீட்டிலும் முற்பணம் வாங்கிவிடுகிறார். மூன்று வீட்டாரும் ஒரே நாளில் மாப்பிள்ளை பார்க்க வந்து நிற்கிறார்கள். அவ்வளவுதான் கதை, ஆனால் அதை வைத்து இரண்டு மணித்தியாலம் ஆளை எழும்ப விடாமல் வைத்திருக்கிறார்கள். நடிகர்கள் 14 பேர். ஆர்மோனியம், மத்தளம், தபேலா, வயலின், ஒரு கீபோர்ட், எல்லாம் மேடைப் பக்கத்தில் இருந்து நேரடியாக வாசிக்கிறார்கள். ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு வாயசைக்கிற வேலை இல்லை. மூன்று பெண்களின் தாய்மாரும் ஆளுக்கொரு மெட்டில் பாடிச் சண்டை பிடிக்கிற ஒரு பாட்டு இருக்கு. ஒருத்தி மோகனத்தில் தொடங்க மற்றவள் கூத்து மெட்டில் குறுக்கே விழுந்து மறிப்பாள். மூன்றாமவள் தாலாட்டு மெட்டில் வசை பாடுவாள். அதைவிட நல்ல ஒரு பகிடிப் பாட்டை நான் மேடையில் கேட்டதில்லை.

வாழைச்சேனையில் போய்ப் பார்த்தேன். என்னுடைய கவலை அங்கேதான் தொடங்கினது. முன்னுக்கு இருந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்குது. பத்துப் பன்னிரண்டு வரிசைக்குப் பின்னால் இருந்தவர்கள் பக்கத்து ஆளைப் பார்த்து "என்ன சொன்னவர்?" என்று கேட்கிறார்கள். அவர் திருப்பிச் சொல்லி முடிய மேடையில் அடுத்த பகிடியும் போய்விட்டுது. தரகர் மாப்பிள்ளையின் பெருமையை மூச்சு விடாமல் அடுக்கிப் பாடுகிற பாட்டில் பின்வரிசைக்குக் கேட்டது மத்தளமும் ஒரு இரைச்சலும்தான். இடைவேளையோடு பின்னால் பாதிப் பேர் எழும்பிப் போய்விட்டார்கள். நடிப்பில் ஒரு குறையும் இல்லை. சொல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இஞ்ச அப்படி நடக்கக்கூடாது. என்னுடைய பிள்ளைகள் கட்டியகாரன் யார், பிற்பாட்டு என்றால் என்ன, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை எப்ப வந்தது என்றெல்லாம் எழுதிப் புள்ளி எடுப்பார்கள். ஆனால் ஒரு மண்டபத்தில் இருந்து ஒரு முழு நாடகத்தைப் பார்த்த பிள்ளைகள் அவர்களில் மிகக் குறைவு. முதன்முதலாகப் பார்க்கப் போகிற நாடகத்தில் ஒரு சொல்லும் விளங்காவிட்டால் நாடகம் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துவிடுவார்கள். பிறகு நான் வகுப்பில் என்ன சொன்னாலும் ஏறாது.

எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு பாடசாலை மண்டபம். நீளம் ஏறக்குறைய 100 அடி. தகரக் கூரை, சீமெந்து நிலம், இரண்டு பக்கமும் அரைச்சுவரும் கம்பியும். மேலே பழைய மின்விசிறிகள், முழு வேகத்தில் போட்டால் நல்ல சத்தம். 800 பேர் இருக்கலாம். 400 பேர் வந்தாலே எனக்குப் பெரிய சந்தோசம். வாடகைக்குத் தருகிறவர் மேடையின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும், வயர் மைக் நாலும் தருவதாகச் சொல்கிறார். இது காணுமா?

குழுவுக்குச் சரிவருகிற நாட்கள் செப்டெம்பர் கடைசியிலும் நவம்பர் நடுவிலும். சிலர் மண்டபமே வேண்டாம், மைதானத்தில் திறந்த மேடை போடுங்கள் என்கிறார்கள். ஒலி வேலை தெரிந்தவர்கள், கூத்து ஆடினவர்கள், நாடகம் போட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


பாலையூற்று ஒலி எழுதியது:

டீச்சர், நான் கோயில் திருவிழா, கலியாண வீடு, பாடசாலை விழா எல்லாத்துக்கும் சவுண்ட் போடுறனான். நீங்கள் கேட்ட கேள்வியை ஒருத்தரும் எங்களிட்டக் கேக்கிறேல்ல. "நல்ல சத்தமா இருக்கோணும்" எண்டுதான் கேப்பினம். சத்தம் வேற, தெளிவு வேற. தகரக் கூரைக்குக் கீழ சத்தத்தைக் கூட்டினால் தெளிவு குறையும்.

முதல்ல நாளைப் பற்றி. நவம்பர் வேண்டவே வேண்டாம். ஒக்டோபரில இருந்து ஜனவரி வரைக்கும் எங்களுக்கு வாடைக் காத்து மழை, நவம்பரும் டிசெம்பரும் அதில மோசம். தகரத்தில ஒரு அடி மழை அடிச்சால் எந்த ஸ்பீக்கரும் அதை வெல்லாது. நாடகத்தை நிப்பாட்டிப்போட்டு இருக்க வேண்டியதுதான். செப்டெம்பரைப் பிடியுங்கோ.

மைதானமும் வேண்டாம். செப்டெம்பரிலயும் தென்மேற்கால வாற கச்சான் காத்து முழுசா விட்டிராது. காத்து மைக்கில அடிச்சால் புஸ்புஸ் எண்டு கேக்கும், பின்னால கட்டின திரை பாயா விரிஞ்சு சட்டத்தோட சாயப் பாக்கும். இன்னொரு விசயம், வெளியில சிரிப்பு நிக்காது. நாலு பக்கமும் கலைஞ்சு போயிடும். மண்டபத்துக்குள்ள ஒருத்தர் சிரிச்சால் அடுத்தவருக்கும் கேட்டு அவரும் சிரிப்பார். பகிடி நாடகத்துக்கு அது வேணும்.

இனி ஸ்பீக்கர். முன்னுக்கு இரண்டு பெரிய பெட்டி வைச்சு 100 அடிக்குத் தள்ளுறதுதான் இஞ்ச எல்லாரும் செய்யிறது. அதில என்ன நடக்குது எண்டால், தூரம் இரட்டிக்க இரட்டிக்க நேர வாற ஒலி 6 டெசிபல் குறைஞ்சுகொண்டு போகும். ஆனால் கூரையிலயும் நிலத்திலயும் பின்சுவரிலயும் பட்டுத் திரும்பி வாற ஒலி அப்பிடிக் குறையாது. அதனால பின்னுக்கு இருக்கிற ஆளுக்கு நேர வாற சொல் சின்னனாயும், எதிரொலி பெரிசாயும் கேக்கும். நீங்கள் வாழைச்சேனையில கேட்ட இரைச்சல் அதுதான்.

அதுக்கு வழி, பெரிய பெட்டியைக் குறைச்சு மண்டபத்தின்ர நடுவில இன்னொரு சோடி சின்ன ஸ்பீக்கரை ஆக்களின்ர தலைக்கு மேல உயர்த்தி, பின்வரிசையைப் பாத்துச் சரிச்சுக் கட்டுறது. ஆனால் சும்மா கட்டினால் குழப்பம் கூடும். ஒலி ஒரு மீற்றர் போக ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் எடுக்கும். நடு ஸ்பீக்கர் மேடையில இருந்து 15 மீற்றர் தள்ளி இருந்தால், மேடைச் சத்தம் அதுக்குப் பக்கத்தில வர 44 மில்லிசெக்கன் ஆகும். வயரில போற சத்தம் உடனேயே போயிடும். அப்ப பின்னுக்கு இருக்கிறவைக்கு ஒரே சொல் இரண்டு தரம் கேக்கும். 50 மில்லிசெக்கனுக்கு மேல பிந்தினால் காது அதைத் தனிச் சத்தமாவே எடுக்கத் தொடங்கும். அதனால நடு ஸ்பீக்கரைப் பிந்த விடோணும். 44 ஓட ஒரு 10 கூட்டி 54 வையுங்கோ. அப்பதான் காது முதல் வந்த மேடைச் சத்தத்தைப் பிடிச்சு, நடிகர்தான் கதைக்கிறார் எண்டு நம்பும். மைக் எல்லாத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டிதான் மிக்சர். இப்ப வாற டிஜிட்டல் மிக்சர் எல்லாத்திலயும் இப்பிடிப் பிந்த விடுற டிலே இருக்கு. வாடகைக்காரரிட்ட மிக்சர் டிஜிட்டலோ எண்டு கட்டாயம் கேளுங்கோ.

மைக் நாலு காணாது, அதுக்காக 14 மைக்கும் வேண்டாம். திறந்திருக்கிற மைக்கின்ர எண்ணிக்கை இரட்டிச்சால், கீச்சிடாமல் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். தரகருக்கும் மூன்று தாய்மாருக்கும் மாப்பிள்ளைக்கும் கன்னத்தில ஒட்டுற வயர்லெஸ் மைக், அது அஞ்சு. மற்றவைக்கு மேடை விளிம்பில தரையோட வைக்கிற தட்டை மைக் மூன்று, கீழ தடிச்ச பஞ்சு மெத்தைத் துண்டு போட்டு. மிக்சரில இருக்கிற ஆள் நாடகத்தின்ர எழுத்துப் பிரதியைக் கையில வைச்சு, ஆர் கதைக்கினமோ அவையின்ர மைக்கை மட்டும் திறக்கோணும். இதுதான் முக்கியமான வேலை. பாட்டுக் கேட்டுக்கொண்டு தலையாட்டுற ஆளை அங்க இருத்தாதேங்கோ.

குரல் மைக் எல்லாத்திலயும் 120 ஹேர்ட்சுக்குக் கீழ வெட்டி விடுங்கோ. அந்த அடிச் சத்தம் குரலுக்கு உதவாது, கூரையை மட்டும் அதிர வைக்கும். க, ச, ட, த, ப எண்டு சொல்லைப் பிரிச்சுக் காட்டுற எழுத்துகளின்ர தெளிவு 2000 இல இருந்து 4000 ஹேர்ட்ஸ் வரைக்கும் கூட இருக்கு. அந்த இடத்தை மத்தளமும் கீபோர்ட்டும் மூடாமப் பாருங்கோ. மத்தளத்துக்கு இந்த மண்டபத்தில மைக்கே தேவையில்ல.

லைட்டும் சவுண்டும் ஒரே மின் இணைப்பில வேண்டாம். லைட்டைக் குறைக்கக் கூட்ட ஸ்பீக்கரில ஒரு இரைச்சல் வரும். பற்றரி ஒவ்வொரு காட்சிக்கும் புதுசு போடுங்கோ, பாதி நாடகத்தில தரகரின்ர மைக் செத்தால் நாடகம் செத்த மாதிரி.


உவர்மலை டீச்சர் எழுதியது:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மழையையும் தகரத்தையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை. செப்டெம்பர் என்று குழுவுக்கு இண்டைக்கே சொல்கிறேன். மின்விசிறியை என்ன செய்வது? நிப்பாட்டினால் சனம் வெந்துவிடும்.


பாலையூற்று ஒலி எழுதியது:

நிப்பாட்ட வேண்டாம் டீச்சர். நாடகம் தொடங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே முழு வேகத்தில போட்டு மண்டபத்தை ஆற விடுங்கோ. தொடங்கேக்க பாதி வேகத்துக்குக் குறையுங்கோ. இடைவேளையில திரும்பவும் முழு வேகம். ஒலி பாக்கிற நேரம் விசிறியை ஓட விட்டுத்தான் பாக்கோணும். எல்லாரும் அமைதியான மண்டபத்தில மைக்கைச் சரிபாத்துப்போட்டுப் பிறகு தவிக்கினம். பின்சுவரில தடிச்ச துணி தொங்கவிட ஏலுமெண்டால் விடுங்கோ, மடிப்பு மடிப்பா, சுவரில ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி.


தம்பலகாமத்தார் எழுதியது:

மகள், உம்முடைய கேள்வியை வாசித்தபோது மனம் நிறைந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். சின்ன வயதில் கோயில் வீதியில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன், பின்னர் பின்னணியில் பாடியும் இருக்கிறேன். மைக்கைப் பற்றித் தம்பி சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மைக் வராத காலத்தில் ஆயிரம் பேருக்குச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எப்படி என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

கூத்து ஆடுகிற வட்டமான களமாகிய வட்டக்களரியில் நான்கு பக்கமும் சனம். ஆட்டக்காரர் ஒரு பக்கம் பார்த்துப் பாடினால் மற்ற மூன்று பக்கத்துக்கும் முதுகு. அதனால் அவர் ஓர் அடியைப் பாடியதும் கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரும் பின்னணியில் பாடுகிற பிற்பாட்டுக்காரரும் சேர்ந்து அதே அடியைத் திருப்பிப் படிப்பார்கள். அந்த நேரம் ஆட்டக்காரர் ஆடிக்கொண்டே அடுத்த பக்கம் திரும்புவார். ஒவ்வொரு அடியும் இரண்டு தரம் காதில் விழும். முதல் தரம் தவறவிட்டவன் இரண்டாம் தரம் பிடித்துக்கொள்வான். ஆட்டக்காரருக்கு மூச்சு வாங்க நேரம், சனத்துக்குச் சொல்லைப் பிடிக்க நேரம், இரண்டும் ஒரே ஏற்பாட்டில் நடந்தது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் மேடையேறிய கர்ணன் போர் அந்த வரிசையில் வந்தது. விடிய விடிய ஆடியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருக்கினார்கள். சுருக்கியது சரியான வேலை, அதனால்தான் கூத்து நகரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது, அதனால்தான் உம்முடைய பிள்ளைகள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் நேரம் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது திருப்பிப் படிக்கிற அடிகள்தான். பகிடிப் பாட்டில் அது பெரிய நட்டம்.

ஆகவே அந்தக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வையும். தரகர் அடுக்கிப் பாடுகிற பாட்டில் ஒவ்வொரு கண்ணியின் கடைசி அடியை, பகிடி இருக்கிற அந்த அடியை மட்டும், பக்கத்தில் இருக்கிற வாத்தியக்காரர் சேர்ந்து ஒருமுறை திருப்பிப் படிக்கட்டும். தாய்மார் சண்டைப் பாட்டிலும் மூவரும் ஒன்றாகக் குரல் எழுப்புமுன் ஒவ்வொருத்தியும் தன் அடியைத் தனியாக ஒருதரம் பாடிவிட வேண்டும். சனத்துக்குச் சொல் தெரிந்துவிட்டால் பிறகு மூன்றும் கலந்து ஒலித்தாலும் காது தானாகப் பிரித்துக்கொள்ளும்.

இசை நாடகக்காரரிடமும் படிக்க இருக்கிறது. தமிழ்நாட்டு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த நாடகங்களை இங்கே வளர்த்தவர்களில் காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து பெரியவர். அரிச்சந்திரனாக அவர் மயானத்தில் நின்று பாடுவதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்தக் கலைஞர்கள் உச்சச் சுருதியில் பாடினார்கள். மேல் சுருதியில் பாடுகிற குரல் தூரம் போகும் என்பது அனுபவத்தில் கண்டது. ஆனால் எவ்வளவு உயர்ந்தாலும் சொல்லை விழுங்கமாட்டார்கள். பகிடி செய்கிற பபூன் வந்தால் சுருதியை இறக்கி, பேச்சு மாதிரிப் பாடுவார். பகிடிக்குச் சங்கீதம் கொஞ்சம் குறைவாகவும் சொல் கூடுதலாகவும் இருக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்று. கதிரைகளைப் பரப்பிப் போடாதேயும். 800 கதிரையில் 400 பேர் ஆங்காங்கே இருந்தால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் சிரிக்க மனிசருக்குக் கூச்சம். பின்பாதியில் கதிரையே வேண்டாம். முன்பாதியில் நெருக்கமாகப் போட்டு, ஆள் வர வரப் பின்னால் ஒவ்வொரு வரிசையாகச் சேரும். முன்வரிசையைப் பிரமுகருக்கு என்று ஒதுக்கி வெறுமையாக விடுவது எங்கள் ஊரில் பெரிய வியாதி. நாடகம் தொடங்கும் நேரத்துக்கு வராத எவருடைய கதிரையிலும் உம்முடைய பிள்ளைகளைக் கொண்டுபோய் இருத்தும். அவர்கள் சிரிப்பதைக் கேட்டுத்தான் நடிகருக்கு உற்சாகம் வரும்.


கிண்ணியா உம்மா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். நானும் எங்கட பக்கத்துப் பொம்புளயளும் வர ஆசையாத்தான் இரிக்கு. 2009இல பாலம் திறந்ததுக்குப் பொறகு டவுனுக்கு வாறது லேசு, முந்தி மாதிரித் துறையில காத்து நிக்கத் தேவல்ல. ஆனா ராவைக்குத் திரும்பிப் போறதுதான் கஷ்டம். பஸ் இல்லாட்டி ஒட்டோவுக்குக் குடுக்கிற காசு டிக்கட் காசவிடக் கூடிப்போகும். பொழுதுபட்ட பொறகு மஃரிபு தொழுதிட்டு வந்து பாக்கிறதெண்டா நாடகம் முடிய ஒம்பது மணி தாண்டிரும். பின்னேரம் மூணரைக்கு ஒரு காட்சி போட ஏலாதா? பின்னேர அஸர் தொழுகைக்கு இடைவேளய ஒத்து வெச்சா, ஆறு மணிக்கு முன்ன முடிஞ்சிரும். மூதூர், தம்பலகாமம், நிலாவெளிப் பக்கத்து ஆக்களுக்கும் அதுதான் வசதி. தூரத்துப் பள்ளிக்கூடப் புள்ளயளும் வரலாம்.

மத்தது, மனசில இரிக்கிறதச் சொல்லிர்றன், கோவிச்சுக்கப்படாது. மேடையில ஒரு முஸ்லிம் ஆள் வந்தா அவர்ட பேச்ச வெச்சே சிரிக்க வெக்கிறது வழக்கமாப் போச்சு. தொப்பியும் ஒரு மாதிரிப் பேச்சும் இரிந்தாக் காணும், வேற பகிடி தேவல்ல எண்டு நினைக்கிறாங்க. என்ட மகன் பன்னண்டு வயசு, இப்பிடி ஒண்டப் பாத்திட்டு, ஏன் உம்மா நாம பேசினா சிரிக்காங்க எண்டு கேட்டவன். அவனுக்கு நான் என்ன சொல்ல? இந்த நாடகத்தில அப்பிடி இரிக்கோ எண்டு எனக்குத் தெரியா. இரிந்தா எடுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நான் ஒரு வேன் நிறைய ஆக்களக் கூட்டிட்டு வாறன், இன்ஷா அல்லாஹ்.


மட்டுநகர் ஆர்மோனியம் எழுதியது:

வணக்கம் டீச்சர். நான் அந்தக் குழுவிலதான் ஆர்மோனியம் வாசிக்கன். ஆரோ இந்தப் பக்கத்த அனுப்பி, முழுக்க வாசிச்சன். வாழைச்சேனையில பின்னுக்கு ஆள் எழும்பிப் போனது மேடையில இருந்த எங்களுக்கும் தெரிஞ்சிது. நடிகர்மாருக்கு அண்டைக்கு ராவு சோறு இறங்கல்ல. ஏன் எண்டு இப்பதான் விளங்குது.

கிண்ணியாவில இருந்து எழுதின லாத்தாக்கு முதல்ல மறுமொழி. எங்கட நாடகத்தில துணிக்கடை முதலாளி ஒருத்தர் முஸ்லிம். தரகரிட்ட ஏமாறாத ஒரே ஆள் அவர்தான், தரகரையே கணக்குக் காட்ட வைக்கிற ஆள். அவர்ர பேச்சு எங்கட காத்தான்குடிப் பேச்சுத்தான், நடிக்கிறவரும் அந்த ஊர்தான். பேச்ச வெச்சு ஒரு பகிடியும் இல்ல. ஆனா மத்த ஆக்கள் அவரப் பாத்துச் சொல்ற ஒரு வசனம் இரிக்கு, லாத்தா எழுதினதுக்குப் பொறகு அது எனக்குச் சரியாப் படல்ல. நெறியாளரிட்டச் சொல்லிட்டன், எடுப்பம் எண்டார்.

ஐயா சொன்ன பிற்பாட்டு விசயம் தங்கம். நாங்க எல்லாரும் கூத்துப் பழகின ஆக்கள்தான். அடுக்குப் பாட்டில கடைசி அடியத் திருப்பிப் படிக்க எங்களுக்கு ஒரு நாள் ஒத்திகை காணும். ஏற்கனவே நாங்க செய்யிற ஒண்டையும் சொல்றன். பகிடி விழுந்து சனம் சிரிக்கக்குள்ள நடிகர் அடுத்த வசனத்தச் சொன்னா அது சிரிப்புக்குள்ள அமுங்கிப் போகும். அதனால நான் ஒரு சின்னச் சந்தத்தத் திருப்பித் திருப்பி வாசிச்சுக்கொண்டு இரிப்பன். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கக்குள்ள, முழுக்க அடங்க முன்ன, நடிகரப் பாத்துத் தலைய அசைப்பன். அவர் பாட்ட எடுப்பார். முழுக்க அடங்க விட்டாப் பொறகு சூடேத்துறது பாடு. இதுக்கு எனக்குச் சனத்துட சத்தம் கேக்கணும், நடிகர்ர முகமும் தெரியணும். மண்டபத்த முழு இருட்டாக்காம முன்வரிசை முகம் தெரியிற அளவுக்கு வெளிச்சம் விடுங்க. எங்களத் திரைக்குப் பின்னால தள்ளிராதீங்க, மேடையின்ட ஒரு கரையில முன்னுக்கு இடம் தந்தாக் காணும்.

மறுகா ஊர்ப் பகிடி. எங்கட ஊரில மாப்பிள்ளை வாவிக் கரையில நிண்டு மீன் பாடுற சத்தம் கேக்கு எண்டு புளுகுற இடத்துக்குச் சனம் உருண்டு சிரிக்கும். உங்கட ஊரில அந்த இடத்துக்கு என்ன வைக்கலாம்? வெளியில இருந்து வாற நாங்க யோசிச்சா அஞ்சலட்டைப் படம் மாதிரித்தான் வரும்.


உவர்மலை டீச்சர் எழுதியது:

அண்ணா, நீங்களே வந்து எழுதினது எனக்குப் பெரிய பலம். வசனத்தை எடுக்கச் சம்மதித்ததற்கு நெறியாளருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஊர்ப் பகிடி பற்றி என்னுடைய பிள்ளைகளிடம் கேட்டேன், வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டுது. அவர்கள் சொன்னதில் இரண்டு நல்லதாகத் தெரியுது. ஒன்று, எங்கள் மான்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்கள் நகரத்துக்குள்ளும் நடந்து திரியும், கடை வாசலில் வந்து நின்று ஆளைப் பார்க்கும். மாப்பிள்ளை தனக்கு ஒரு பட்டி மாடு இருக்கு என்று மூன்று வீட்டுக்கும் புளுகட்டும். பெண் வீட்டார் பட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்க, தரகர் தூரத்தில் நிற்கிற மான்கூட்டத்தைக் காட்டி "புது இனம்" என்று சொல்லட்டும். மற்றது கன்னியா. அங்கே ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். மூன்று தாய்மாரின் சண்டைப் பாட்டில் ஒருத்தி மற்றவளின் கோபத்தை எத்தனையாம் கிணறு என்று கேட்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னாள், கேட்ட உடனே வகுப்பே சிரித்துவிட்டுது. ஒரு விசயம் கட்டாயம் சொல்லவேண்டும். கன்னியாவிலும் கோணேசர் கோயிலடியிலும் சனத்துக்கு ஆழமான உணர்வுகள் இருக்கு. சூட்டோடு நிப்பாட்டினால் எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம். அதைத் தாண்ட வேண்டாம்.

உம்மா, பின்னேரக் காட்சி பற்றி எங்கள் குழுவில் பேசினோம். சனிக்கிழமை மூன்றரைக்கு ஒன்று, ஞாயிறு ஆறரைக்கு ஒன்று. சனிக்கிழமை இடைவேளையை 25 நிமிடமாக்கி, தொழுகிறவர்களுக்கு ஒரு வகுப்பறையும் தண்ணீரும் ஒழுங்கு செய்கிறோம். தகரக் கூரைக்குக் கீழ் மூன்றரை மணி வெயில் கடுமையாக இருக்கும், அதனால் காலையில் இருந்தே கூரைக்குத் தண்ணீர் விசிறலாமா என்று பாடசாலையிடம் கேட்டிருக்கிறேன். பெண்களுக்கு என்று தனிப்பகுதி வேண்டுமென்றால் வலதுபக்கம் ஒதுக்கலாம், எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

ஐயா, பின்பாதிக் கதிரைகளை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். பிரமுகர் வரிசையைப் பற்றிக் குழுவில் வாக்குவாதம் வந்தது. தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் பிள்ளைகளை இருத்துவது என்று முடிவெடுத்திருக்கிறோம், அழைப்பிதழிலேயே அதை அச்சிடப் போகிறோம். நீங்கள் சனிக்கிழமை வந்து பாடல் ஒத்திகையைக் கேட்டுச் சொல்லவேண்டும். வாகனம் நான் அனுப்புகிறேன்.


தம்பலகாமத்தார் எழுதியது:

வாகனம் வேண்டாம் மகள், பஸ்ஸில் வருவேன். ஒத்திகையின்போது என்னைக் கடைசி வரிசையில் ஒரு கதிரை போட்டு இருத்தும். எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். எனக்குக் கேட்டால் எல்லாருக்கும் கேட்கும்.


பாலையூற்று ஒலி எழுதியது:

டீச்சர், வாடகைக்காரரோட நான் கதைச்சிட்டன். மிக்சர் டிஜிட்டல்தான், டிலே இருக்கு. வயர்லெஸ் கன்ன மைக் அவரிட்ட மூன்றுதான், மற்ற இரண்டும் நான் கொண்டு வாறன், காசு வேண்டாம். மிக்சரில நானே இருக்கிறன். எனக்கு எழுத்துப் பிரதியை மட்டும் ஒரு கிழமைக்கு முன்னம் அனுப்பச் சொல்லுங்கோ. ஆர் எந்தப் பக்கத்தால வருவினம், எந்த வசனத்துக்குச் சனம் சிரிக்கும் எண்டு ஆர்மோனிய அண்ணை ஓரத்தில பென்சிலால குறிச்சு அனுப்பினால் இன்னும் நல்லம். வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டத் தொடங்கினால் இரவு எட்டு மணிக்கு விசிறியைப் போட்டு ஒலி பாக்கலாம். மண்டபத் திறப்பு ஆரிட்ட வாங்கிறது எண்டு சொல்லுங்கோ.